பாம்பு ஏன் சாப்பிட மாட்டேங்குது?

போன மாசம் ஒரு நாள் ராத்திரி பத்தரை மணி இருக்கும். விடிஞ்சா மார்க்கெட்டுக்குப் போக வேண்டிய முருங்கைக்காயைக் கட்டுப் போட்டு, ஈரச்சாக்கால் மூடிவிட்டு அப்போதுதான் கட்டிலில் சாய்ந்தேன். போன் வந்தது. சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் அக்கா மகன்.

“மாமா, தூங்கிட்டீங்களா? பாம்பு சாப்பிட மாட்டேங்குது மாமா.”

எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. “எந்தப் பாம்புடா மாப்ள?”

“நான் வாங்கின பாம்பு மாமா. வந்து பதினோரு நாள் ஆச்சு. எலி வாங்கிப் போட்டும் தொட மாட்டேங்குது. செத்துருமோன்னு பயமா இருக்கு.”

எங்க ஊரில் வீட்டுக்குள் பாம்பு வந்துவிட்டால் ஊரைக் கூட்டுவோம். இவன் பாம்பு சாப்பிடவில்லை என்று ஊரைக் கூட்டுகிறான்.

என்ன பாம்பு என்று கேட்டேன். ‘பால் பைத்தான்’ என்றான். திண்ணையில் படுத்திருந்த அம்மாவுக்குக் காதில் விழுந்துவிட்டது. “பால் பாம்பா? அப்புறம் எதுக்கு எலியப் போடறான்? ஒரு கிண்ணத்துல பால ஊத்தி வெக்கச் சொல்லு” என்றார். பேரன் போனிலேயே சிரித்தான். “அது குடிக்கிற பால் இல்ல அம்மாச்சி, வெளையாடற பால்!” பயந்தால் தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு பந்து மாதிரி சுருண்டுகொள்ளுமாம். அதனால் அந்தப் பேர். கானா, டோகோ, பெனின் என்று மேற்கு ஆப்பிரிக்கா பக்கத்துச் சின்ன வகை மலைப்பாம்பு. விஷம் கிடையாது. வளர்ந்தால் நாலைந்து அடி.

விவசாயி என்றால் பாம்பைப் பற்றி எல்லாம் தெரியும் என்பது அவன் நினைப்பு. எனக்குத் தெரிந்தது வரப்பில் போகிற பாம்பு. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற பாம்பு இல்லை. ஆனாலும் போனை வைக்க மனசு வரவில்லை. காரணம் இருக்கிறது. நானும் ஒரு காலத்தில் ஒரு பாம்பை அடைத்து வைத்து, அது சாப்பிடாததால் என்னென்னவோ செய்து பார்த்தவன்தான். இதுவரை இங்கே அதை எழுதியதில்லை. இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

தகர டிரம்மில் ஒரு சாரை

முப்பது வருஷத்துக்கு முந்தின கதை. எனக்கு அப்போது பத்தொன்பது வயசு. தோட்டத்துச் சாளையில் (சாளை என்றால் எங்க பக்கம் தோட்டத்துக் கொட்டகை) கடலை மூட்டையும் சோளமும் அடுக்கியிருந்தோம். எலி என்றால் அப்படி ஒரு எலி. மூட்டைக்கு அடியில் ஓட்டை போட்டு, மேலே பார்த்தால் நிறை மூட்டை, தூக்கினால் கால் மூட்டை. தாத்தா ஒன்றும் அலட்டிக்கொள்ளவில்லை. “சாரை ஒண்ணு இந்தப் பக்கமாத்தான் சுத்துது. அது பாத்துக்கும், விடு” என்றார்.

எனக்குப் பொறுமை இல்லை. அது பாட்டுக்கு வரும், போகும். நாம் ஏன் பிடித்துச் சாளையிலேயே பழக்கக் கூடாது? கிளுவை வேலி ஓரம் கிடந்த ஆறடிச் சாரையைச் சாக்கில் பிடித்தேன். மூடியில் ஆணியால் ஓட்டை போட்ட தகர டிரம்முக்குள் விட்டேன். நாலு நாள் நம் கையால் சாப்பிட்டால் இடம் பழகிவிடும், அப்புறம் திறந்துவிடலாம் என்று கணக்கு.

பால் வைத்தேன். திரிந்து நாறியது. கோழி முட்டை வைத்தேன். உருண்டு கிடந்தது. உயிரோடு ஒரு எலியைப் பிடித்துப் போட்டேன். காலையில் மூடியைத் திறந்து பார்த்தால் எலி நல்லா இருக்கிறது, பாம்பின் வால் பக்கம்தான் கடிபட்டுச் சதை தெரிகிறது. டிரம்மில் முட்டி முட்டி மூக்கு நுனி புண்ணாகியிருந்தது. வைகாசி வெயில், தகரம் பகலில் கொதிக்கும். இதெல்லாம் எனக்கு அப்போது உறைக்கவில்லை. பட்டினியில் சாகிறதே என்று ஒரே பதட்டம். மூணாவது வாரம், வாயைக் குச்சியால் நெம்பிக் கறித்துண்டைத் திணித்தேன். மறுநாள் கக்கிவிட்டது. அதற்கு மறுநாள் செத்துக் கிடந்தது.

தாத்தா திட்டவில்லை. மண்வெட்டியை எடுத்து வந்து கையில் கொடுத்தார். “வெளிய கெடந்திருந்தா இந்நேரம் இருபது எலி தின்னுருக்கும்” என்று மட்டும் சொன்னார். நம்ம நாட்டுப் பாம்பைப் பிடித்து அடைப்பது 1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதெல்லாம் எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும். ஆனால் செய்தது தப்பு என்று அந்தக் குழியைத் தோண்டும்போதே தெரிந்துவிட்டது.

அதனால்தான் மாப்பிள்ளை அன்றைக்கு “வாயத் தொறந்து ஊட்டிவிடலாமா மாமா?” என்று கேட்டதும் கத்திவிட்டேன். “கையைக் கட்டிட்டு உக்காருடா. நாளைக்குக் காலைல பேசறேன்.”

பசியா, பயமா?

எங்க பக்கத்தில் எனக்குப் பழக்கமான கால்நடை மருத்துவர் ஒருத்தர் இருக்கிறார். காலையில் அவரிடம் பேசினேன். அவர் சொன்னதையும், இத்தனை வருஷம் நான் பார்த்துப் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

சந்தையில் வாங்கிவந்த மாடு முதல் இரண்டு நாள் தீனி எடுக்காமல் நிற்கும். எந்த விவசாயியும் அதற்காக வாயைப் பிளந்து திணிக்க மாட்டான். புது இடம், புது வாசம், புது ஆள். தண்ணி காட்டிவிட்டுத் தள்ளி நிற்போம். இந்த அறிவு மாட்டிடம் நமக்கு இருக்கிறது, பாம்பிடம் இல்லாமல் போய்விடுகிறது. காரணம், பாம்பின் பசியை நம்ம பசி மாதிரி நினைத்துக்கொள்கிறோம்.

நாம் சாப்பிடுவதில் பெரும்பங்கு உடம்புச் சூட்டைக் காப்பாற்றவே செலவாகிறது. பாம்பு அந்தச் சூட்டை வெயிலிடமும் மண்ணிடமும் வாங்கிக்கொள்கிறது. அதனால் அதற்குத் தினம் மூணு வேளைச் செலவு கிடையாது. வளர்ந்த பால் பைத்தான் மாசக்கணக்கில் சாப்பிடாமல் இருப்பது ஊரறிந்த விஷயம். அதன் சொந்த நாட்டிலேயே சில பருவத்தில் அப்படித்தான் இருக்கும். தோல் உரிக்கப் போகிற சமயத்தில் கண் நீலம் பூத்து மங்கிவிடும், அப்போதும் சாப்பிடாது.

சாப்பிட்டுவிட்டால் அது பாம்புக்குப் பெரிய வேலை. பர்மிய மலைப்பாம்பு இரை விழுங்கிய இரண்டே நாளில் அதன் இதயத் தசை 40 சதவீதம் பெருத்துவிடுகிறது என்று 2005-ல் ‘நேச்சர்’ இதழில் ஒரு ஆய்வு வந்தது. இதயத்தையே பெரிதாக்கிச் செய்கிற வேலை என்றால் யோசித்துப் பாருங்கள். அதற்குச் சூடு வேண்டும். பத்திரமான இடம் வேண்டும். வயிறு நிறைந்த பாம்பால் ஓடவும் முடியாது, சண்டை போடவும் முடியாது. ஒளிந்துகொள்ள இடம் இல்லை என்று நினைக்கிற பாம்பு வாயைத் திறக்காது. அது பிடிவாதம் இல்லை, கணக்கு.

மாப்பிள்ளையிடம் மறுநாள் ஒவ்வொன்றாகக் கேட்டேன். பெட்டி எங்கே இருக்கிறது? ஹாலில், டிவிக்குப் பக்கத்தில். ஏசி? ராத்திரி பூரா 22-ல் ஓடுகிறது. ஒளிய இடம்? “எதுக்கு மாமா, அப்புறம் பாம்பே தெரியாதே!” கையில் எடுக்கிறாயா? ஆமாம், சாயங்காலம் நண்பர்கள் வருகிறார்கள், ஆளாளுக்குக் கழுத்தில் போட்டு போட்டோ எடுக்கிறார்கள். இரை? உயிரோடு வெள்ளெலி, ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுகிறான்.

என் தகர டிரம் கொதித்தது, அவன் கண்ணாடிப் பெட்டி குளிர்ந்தது. மற்றபடி இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

அவனுக்குச் சொன்னது

முதலில் பெட்டியை ஆள் நடமாட்டம் இல்லாத அறைக்கு மாற்றச் சொன்னேன். ஒரு பக்கம் 31, 32 டிகிரிச் சூடு, இன்னொரு பக்கம் 26 டிகிரி போலக் குளிர்ச்சி. எங்கே படுப்பது என்று பாம்பு முடிவு பண்ணட்டும். சூட்டுக்கு வைக்கிற விளக்கோ மேட்டோ தெர்மோஸ்டாட் இல்லாமல் வைத்தால் பாம்பு வெந்துபோகும், அதையும் சொன்னேன்.

இரண்டாவது, ஒளிந்துகொள்ளப் பொந்து. இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, உடம்பு சுவரில் உரசுகிற மாதிரி இறுக்கமாக. இந்தப் பாம்பு அதன் ஊரில் எலி வளையிலும் கரையான் புற்றிலும் பகலெல்லாம் கிடக்கிற ஜாதி. ஆப்பிரிக்காவில் பிறந்தாலும் அதுவும் புற்றுப் பாம்புதான் என்று சொன்னதும் அம்மாவுக்கு அதன்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. கவிழ்த்து வைத்த மண்சட்டியில் ஒரு வாசல் வெட்டினால் போதும்.

மூன்றாவது, முங்கிக் கிடக்கிற அளவு தண்ணீர்த் தொட்டி, கொஞ்சம் ஈரப்பதம்.

நான்காவதுதான் கஷ்டமானது. இரண்டு வாரம் தொடக் கூடாது. பெட்டியைத் துணியால் மூடிவிட வேண்டும். தண்ணீர் மாற்ற மட்டும் கை உள்ளே போகலாம். நண்பர்களிடம் பாம்பு ஊருக்குப் போயிருக்கிறது என்று சொல்லச் சொன்னேன்.

அதன் பிறகு இரை. உடம்பின் பெருத்த இடம் எவ்வளவு தடிமனோ அந்தத் தடிமனுக்குள் ஒரே ஒரு எலி. உயிரோடு வேண்டாம். பசி இல்லாத பாம்பை எலி கடித்துக் குதறும், நான் கண்ணால் பார்த்தவன். செத்த எலியை, அல்லது உறையவைத்து விற்பதை, நன்றாக உறைநீக்கி, வெந்நீரில் கவரோடு போட்டுச் சூடாக்கி, துடைத்து, நீள இடுக்கியால் பொந்து வாசலில் காட்ட வேண்டும். மலைப்பாம்புக்கு உதட்டு ஓரத்தில் சின்னச் சின்னக் குழிகள் உண்டு. இருட்டிலும் சூட்டை அதுதான் காட்டிக்கொடுக்கும். ஆறிப்போன எலி அதற்குக் கல் மாதிரி. ராத்திரியில்தான் கொடுக்க வேண்டும். எடுக்கவில்லை என்றால் விடியுமுன் எடுத்துப் போட்டுவிட்டு, ஒரு வாரம் கழித்து மறுபடி. தினம் தினம் காட்டினால் அதுவே ஒரு தொந்தரவு.

எடை போட்டுக் குறித்து வைக்கச் சொன்னேன். எடை அப்படியே இருந்தால் பட்டினியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, வாயில் நுரை, மூச்சு விடும்போது சத்தம், சீழ் என்று ஏதாவது தெரிந்தாலோ ஊர்வன பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் போய்விட வேண்டும். வாயைத் திறந்து திணிக்கிற வேலை அவர்களுடையது. அவர்களே கடைசியில்தான் அதைச் செய்வார்கள்.

மண்பானைக்காரர்கள்

“அப்ப பாம்பை அடைச்சு வெக்கவே முடியாதா மாமா?” என்று கேட்டான். முடியும். நம்ம தமிழ்நாட்டிலேயே அதைச் செய்கிறார்கள். ஆனால் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

மாமல்லபுரம் போகிற வழியில் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 1972 சட்டம் வருவதற்கு முன்னால் இருளர்கள் பாம்பைத் தோலுக்காகப் பிடித்தார்கள். சட்டம் வந்து அந்தப் பிழைப்பு நின்ற பிறகு, ரோமுலஸ் விட்டேக்கர் உதவியோடு 1978-ல் இந்தச் சங்கம் தொடங்கினது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இந்த நாலையும் பிடித்து வந்து விஷம் எடுக்கிறார்கள். நம்ம ஆஸ்பத்திரிகளில் போடுகிற விஷமுறிவு மருந்து அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

அங்கே பாம்பு இருப்பது கண்ணாடிப் பெட்டியில் இல்லை. மணல் போட்ட மண்பானை, வாயில் துணிக் கட்டு. உள்ளே இருட்டு, குளிர்ச்சி, ஆள் முகம் தெரியாது. மூணு நாலு வாரத்துக்குள் சில தடவை விஷம் எடுத்துவிட்டு, வயிற்றுச் செதிலில் அடையாளம் வைத்து, காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். தலைமுறை தலைமுறையாகப் பாம்போடு வாழ்கிற ஆட்கள் வைத்திருக்கும் கெடு அவ்வளவுதான். நமக்கு ஒரு கடையில் பணம் கட்டினால் இருபது முப்பது வருஷத்துக்கு ஒரு பாம்பைக் கொடுத்துவிடுகிறார்கள். பால் பைத்தானின் ஆயுசு அவ்வளவு. வேலை மாறும், கல்யாணம் ஆகும், வாடகை வீடு மாறும். அதுவரை அந்தப் பெட்டி யார் பொறுப்பு?

இது கேட்க வேண்டிய கேள்வி என்பதற்கு அமெரிக்காவில் ஃபுளோரிடா சாட்சி. அங்கே செல்லமாக வாங்கின பர்மிய மலைப்பாம்புகள் வளர்ந்து கைக்கு அடங்காமல் போக, தப்பித்ததும் அவிழ்த்துவிட்டதுமாக எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலம் பூரா பெருகிவிட்டன. அங்கே சர்வசாதாரணமாகத் தெரிந்த ரக்கூன் என்கிற பிராணி, பாம்பு பெருகின பகுதிகளில் 99 சதவீதம் கண்ணில் படாமல் போய்விட்டது என்று 2012-ல் வந்த ஆய்வு சொன்னது. பிடிக்க ஆள் தேடி 2017-ல் எங்கே வந்தார்கள் தெரியுமா? இருளர்களிடம்தான். வடிவேல் கோபால், மாசி சடையன் இரண்டு பேரும் போய், மண்ணில் தடம் பார்த்தே பிடித்துக் கொடுத்துவிட்டு வந்தார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. அங்கே பணம் கொடுத்து வாங்கிச் செல்லம் கொஞ்சினார்கள். அதைச் சரிபண்ண இங்கே இருந்து பாம்பு பிடிக்கிறவர் போக வேண்டியிருந்தது.

அது எங்கிருந்து வந்தது?

பதினோரு நாளாகச் சாப்பிடவில்லை என்கிறானே, கடைக்கு வருவதற்கு முன்னால் அது எங்கே இருந்தது என்று ஒரு கேள்வி எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. 2023 ஏப்ரலில் மலேசியாவிலிருந்து வந்த ஒரு பயணியின் பெட்டிகளைச் சென்னை விமான நிலையத்தில் திறந்தபோது உள்ளே 22 பாம்புகள், பிளாஸ்டிக் டப்பாக்களில் அடைத்து. பிடிபட்டது அது. பிடிபடாமல் வந்ததுதான் கடைக்குப் போகிறது. டப்பாவில் கடல் தாண்டி, விமானத்தின் வயிற்றில் கிடந்து, கை மாறிக் கை மாறி வந்த பாம்பு, நம்ம ஹாலில் இறக்கியதும் எலியைப் பார்த்து வாயைத் திறக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

வெளிநாட்டுப் பிராணியை வைத்திருக்கிறவர்கள் பதிவு செய்ய வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. பால் பைத்தானும் அதில் அடங்கும். பரிவேஷ் இணையதளம் வழியாக வனத்துறையிடம் பதிவு பண்ண வேண்டும். “கடைக்காரர் எல்லாம் பாத்துக்கறேன்னு சொன்னார் மாமா” என்றான். பாம்பை நீ பார்த்துக்கொள்ளும்போது காகிதத்தை அவர் எதற்குப் பார்த்துக்கொள்ள வேண்டும்? காகிதம் காட்ட முடியாத பாம்பை வாங்குவது திருட்டு மாட்டை வாங்குவது மாதிரி என்றேன். இது அவனுக்குச் சுருக்கென்று இருந்திருக்கும். இருக்கட்டும்.

கிராமத்துக்காரன் யோக்கியன், நகரத்துக்காரன்தான் தப்பு செய்கிறான் என்று நான் சொல்ல வரவில்லை. மண்ணுளிப் பாம்பை ‘இருதலைப் பாம்பு, வீட்டில் வைத்தால் செல்வம் கொட்டும்’ என்று கதை கட்டி லட்சக்கணக்கில் விலை பேசுகிற ஆட்கள் எங்க பக்கத்துச் சந்துகளிலும் உண்டு. அதற்கு இருப்பது ஒரு தலைதான், வால் மழுங்கி இருப்பதால் தலை மாதிரி தெரிகிறது. விலை படியும் வரைக்கும் அது பிளாஸ்டிக் குடத்தில் பட்டினி கிடக்கும். ஆடி வெள்ளிக்குப் புற்றில் பாலும் முட்டையும் ஊற்றுகிற பழக்கமும் இங்கே இருக்கிறது. பாம்பு பால் குடித்து வாழ்கிற பிராணி இல்லை. அதன் வயிற்றுக்குப் பால் செரிக்காது. பாம்பாட்டி கொண்டுவருகிற பாம்பு பால் குடிக்கிறதே என்றால், நாள்கணக்கில் தண்ணி காட்டாமல் தாகத்தில் வைத்திருப்பார்கள், எந்த ஈரத்தைக் காட்டினாலும் குடிக்கும். முட்டையை நல்லபாம்பு எப்போதாவது விழுங்கும், பறவைக்கூட்டில் கிடைத்தால். அம்மாவிடம் இதற்காக நான் சண்டை போடுவதில்லை. மஞ்சளும் பூவும் புற்றுக்கு வெளியே வைத்துக் கும்பிடுங்கள், பாலைப் பேத்திக்குக் கொடுங்கள் என்பேன். இப்போதெல்லாம் பாதி நாள் கேட்கிறார்.

பக்தியில் ஊட்டினாலும், பாசத்தில் ஊட்டினாலும், என்னை மாதிரி பதட்டத்தில் ஊட்டினாலும் நாம் செய்வது ஒன்றுதான். நமக்குத் தெரிந்த சாப்பாட்டை, நமக்குத் தோன்றிய நேரத்தில், நம் கண் முன்னால் அது சாப்பிட வேண்டும் என்கிறோம். பாம்போ யார் கண்ணிலும் படாத இடத்தில், தனக்குத் தோன்றும்போது சாப்பிடுகிற உயிர். ஐம்பது வருஷமாக இந்த மண்ணில் நடக்கிறேன். ஒரு சாரை எலியை விழுங்குவதை முழுசாகப் பார்த்தது மூணே தடவை. ஆனால் அது சாப்பிடுகிறது என்று எனக்குத் தெரியும். மக்காச்சோளக் கதிரில் எலி கடித்த வடு எவ்வளவு என்று பார்த்தாலே போதும்.

அந்தச் சாரை செத்த பிறகு நான் பாம்புக்கு எதுவும் ஊட்டியதில்லை. செய்வது இவ்வளவுதான். வேலி மூலையில் கற்குவியலை அப்படியே விட்டிருக்கிறேன். சோளத்தட்டுப் போரை ஒரே நாளில் மொத்தமாகப் பிரிப்பதில்லை. எலிக்கு விஷம் வைப்பதை நிறுத்திவிட்டேன், விஷம் தின்ன எலி ஆந்தைக்கும் பாம்புக்கும்தான் இரையாகப் போகும். மயிலுக்காகக் கட்டின நைலான் வலையைத் தரையில் இருந்து ஒரு சாண் தூக்கிக் கட்டியிருக்கிறேன், ஏனென்றால் போன வருஷம் ஒரு சாரை அதில் மாட்டி அறுபட்டுக் கிடந்தது. அதுவும் என் தப்புதான்.

எல்லாப் பாம்பையும் கொஞ்சச் சொல்லவில்லை. ராத்திரி தண்ணி கட்டப் போனால் டார்ச் இல்லாமல் போவதில்லை, களை எடுக்கிற பெண்களுக்குப் பூட்ஸ் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். வீட்டுக்குள் விஷப்பாம்பு வந்தால் தீயணைப்பு நிலையத்துக்குத்தான் போன். கடிபட்டால் வேப்பிலை மந்திரம் கிடையாது, நேராக அரசு ஆஸ்பத்திரி. 2024 நவம்பரில் பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாகவே நம்ம அரசு ஆக்கிவிட்டது.

ஒரு மாசத்துக்குப் பிறகு

மாப்பிள்ளை கதையை முடிக்கிறேன். அவன் சொன்னபடி செய்தான். அதற்கு அவனைப் பாராட்ட வேண்டும். முதல் வாரம் தினமும் போன். “பெட்டிய லேசா தொறந்து பாக்கலாமா மாமா?” “வேண்டாம்.” இரண்டாவது வாரம் போன் குறைந்தது. இரண்டு வாரக் கெடு முடிந்த அன்று ராத்திரி சூடாக்கின எலியைக் காட்டினான். நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டதாம். “திட்டம் போட்டு ஏமாத்துது மாமா” என்றான். அடுத்த முறைக்கு வீட்டில் யாரும் இல்லாதபடி, விளக்கை அணைத்துவிட்டு, பொந்து வாசலில் எலியை வைத்துவிட்டு வெளியே போய்விடச் சொன்னேன்.

வாங்கி ஒரு மாசத்துக்கு மேல் ஆகிவிட்டது. விடியற்காலை அஞ்சு மணி, மார்க்கெட்டில் ஏலம் நடக்கிற சத்தத்துக்கு நடுவில் போன் அடிக்கிறது. “மாமா, எலியக் காணோம்! வயிறு உப்பியிருக்கு!” இரைச்சலில் அவன் என்ன சொல்கிறான் என்று முதலில் கேட்கவில்லை. கேட்டதும் அங்கேயே தக்காளிக் கூடை மேல் உட்கார்ந்துவிட்டேன். ஏன் அவ்வளவு சந்தோஷம் என்று பக்கத்தில் இருந்த கமிஷன் கடைக்காரருக்கு விளங்கவில்லை. நானும் சொல்லவில்லை. “ரெண்டு நாள் தொடாதே, தூக்கினா கக்கிரும்” என்று மட்டும் மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டு வைத்தேன்.

சாப்பிட்டுவிட்டதால் வாங்கினது சரி என்று ஆகிவிடாது. அன்றைக்கு ராத்திரி அதையும் அவனிடம் சொன்னேன். கடைக்காரர் காகிதம் தரவில்லை என்றால் வனத்துறையிடம் நீயே போய்ச் சொல், அவர்கள் எடுத்துக்கொண்டு போனாலும் சரி. முடியவில்லை என்று ஒரு நாளும் பூங்காவிலோ ஏரிக்கரையிலோ கொண்டுபோய் அவிழ்த்து விடாதே. இன்னொன்று வாங்காதே. ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, “சரி மாமா. விசாரிக்கறேன்” என்றான். பாம்பு வாய் திறக்க ஒரு மாசத்துக்கு மேல் ஆனது. இவன் வனத்துறை வாசலுக்குப் போக எத்தனை நாள் ஆகும் என்று பார்க்கிறேன். அதற்கும் காத்திருக்கத்தான் வேண்டும்.

பாம்பு பார்க்க ஆசை இருக்கிற மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. கிண்டியில் 1972-ல் இருந்து பாம்புப் பண்ணை இருக்கிறது, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். இல்லையா, அறுப்பு முடிந்த சமயத்தில் ஒட்டன்சத்திரம் பக்கம் வாங்க. காலை எட்டு மணி வெயிலில் வேலி ஓரமாகச் சத்தம் போடாமல் உட்கார்ந்தால் சாரை தானே வரும். சில நாள் வராது. வராத நாளில் மோர் குடித்துவிட்டுப் போகலாம்.

அம்மா மட்டும் நேற்றும் கேட்டார்: “அந்தப் பால் பாம்பு சாப்பிட்டுச்சாமே? பால்தான் குடிச்சிருக்கும். அவன் உங்கிட்ட மறைக்கறான்.”